எஞ்சின் நின்ற பிறகு எது கைகொடுக்கும்? சின்ன ஃபைபர் படகுக்கு எதை முதலில் வாங்குவது

என் அக்கா மகன் போன மாதம் 28 அடி ஃபைபர் படகு ஒன்று எடுத்தான். படகு, எஞ்சின், வலை என்று கையிலிருந்த பணம் முக்கால்வாசி கரைந்த பிறகு வந்து கேட்டான்: "மாமா, மிச்சக் காசுக்கு எதை வாங்கட்டும்? வயர்லெஸ்ஸா, இன்னொரு சின்ன எஞ்சினா, நல்ல லைஃப் ஜாக்கெட்டா? எல்லாத்துக்கும் பத்தாது."

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் வாங்கு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நம் ஊரில் அப்படி ஒரே நேரத்தில் எல்லாம் வாங்கிக் கடலுக்குப் போனவர்கள் யாருமில்லை. எது முதலில், எது அப்புறம் என்று வரிசை போட்டே ஆக வேண்டும். அந்த வரிசையை அவனுக்கு வாயால் சொன்னேன். அதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு சாமானையும் நான் ஒரே கேள்வி வைத்துத்தான் அளக்கிறேன். எஞ்சின் நின்றுவிட்டது, இருட்டிவிட்டது, கை நனைந்து விறைத்துக் கிடக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அந்த நேரத்தில் இது வேலை செய்யுமா? கடையில், வெயிலில், காய்ந்த கையோடு பார்க்கும்போது எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்யும்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மன்னார் வளைகுடாக் கடல். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும். அது கரையிலிருந்து கடல் பக்கமாகத் தள்ளுகிற காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டு மாதிரி கிடக்கும், அலையே இருக்காது. நாலைந்து கடல் மைல் வெளியே போனால்தான் அலை கிளம்பியிருப்பது தெரியும். கடலிலிருந்து கரைக்கு வீசுகிற கொண்டல் அடிக்கும்போது எஞ்சின் நின்றால் படகு எப்படியும் கரைப் பக்கம்தான் ஒதுங்கும். கச்சானில் நின்றால் ஒவ்வொரு நிமிஷமும் கரை தள்ளிப் போகும். மணிக்கு 2 கடல் மைல் வீதம் ஒரு ராத்திரி 10 மணி நேரம் மிதந்தால் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர். காலையில் தேடி வருகிறவர்கள் நீங்கள் நேற்று வலை போட்ட இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு ஆனி மாதத்தில், சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில், கரையிலிருந்து ஏழு கடல் மைல் தள்ளி எங்கள் எஞ்சின் இருமி இருமி நின்றது. பெட்ரோல் கேன் மூடி சரியாக இறுகாமல் மழையில் கிடந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. கேன் ஒன்றுதான். நங்கூரத்தை இறக்கினோம். தண்ணீர் பன்னிரண்டு பாகம் ஆழம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி), எங்கள் கயிறு இருபத்தைந்து பாகம். நங்கூரம் பிடிக்கவில்லை, தரையைக் கீறிக்கொண்டே வந்தது. கயிற்றைக் கையில் பிடித்தால் அந்த இழுபடுகிற அதிர்வு விரலில் தெரியும். வலைக்கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் போட்டு நீளம் கூட்டினோம். அறுபது பாகம் வெளியே போன பிறகு ஒரு குலுக்கல். படகு அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, காற்றுக்கு எதிராகத் திருப்பி நின்றது. எங்கே வலை போடுகிறோம் என்று பக்கத்துப் படகுக்காரரிடம் காலையில் சொல்லி வைத்திருந்ததால், அவர் ராத்திரி ஒன்பது மணிக்கு நேராக அங்கே வந்து கட்டி இழுத்துப்போனார்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது நீளமான கயிறும், முன்கூட்டிச் சொன்ன ஒரு வார்த்தையும். அதனால்தான் என் வரிசை கடைக்காரர் சொல்கிற வரிசையோடு ஒத்துப்போகாது.

முதலில் லைஃப் ஜாக்கெட். சந்தையில் கிடைப்பது இரண்டு வகை. உள்ளே ஃபோம் வைத்துத் தைத்தது ஒன்று. சின்ன சிலிண்டரில் அடைத்த வாயு ஊதி உப்புவது இன்னொன்று. மிதக்கவைக்கும் சக்தியை நியூட்டன் கணக்கில் போட்டிருப்பார்கள். 50 என்றால் நீச்சல் தெரிந்தவருக்கு உதவியாக இருக்கும், அவ்வளவுதான். 100 என்றால் அலை அதிகம் இல்லாத தண்ணீரில் மயங்கிப்போனவரையும் முகம் மேலே வரும்படி திருப்பிப் போடும் தரம். ஊதுகிற வகை பெரும்பாலும் 150; அதற்கு 33 கிராம் சிலிண்டர் இருக்கும். அந்த நியூட்டன் கணக்கை மட்டும் பார்த்தால் ஊதுகிற வகைதான் ஜெயிக்கும். மெல்லியதாக, கழுத்தில் துண்டு போட்ட மாதிரி கிடக்கும், வலை இழுக்கும்போது இடிக்காது, வெயிலில் அவ்வளவாக வேர்க்காது.

ஆனால் நம் வேலைக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் தானாக ஊதுகிற வகைகளில் பலவற்றில் கரையக்கூடிய ஒரு மாத்திரை இருக்கும். அது நனைந்து கரைந்தால் ஊசி போய் சிலிண்டரைக் குத்தும். நாள் முழுக்க அலைச்சாரல் அடிக்கிற திறந்த படகில் அது கடலில் விழாமலே ஊதிவிடலாம். ஒருமுறை ஊதினால் புது சிலிண்டர், புது மாத்திரை போட வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது. கயிற்றைக் கையால் இழுத்து ஊதுகிற வகை என்றால், தலையில் அடிபட்டு விழுந்தவர் எப்படி இழுப்பார்? மீன் முள்ளும் தூண்டில் முள்ளும் காற்றுப் பையைக் கிழிக்கிற ஆபத்து வேறு. வருஷா வருஷம் பிரித்துப் பார்த்து, சிலிண்டர் மரை இறுகியிருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று கவனிக்கிற பழக்கம் உள்ளவருக்கு அது நல்ல சாமான். தூண்டில் போட மட்டும் போகிறவர், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வருகிறவர் தாராளமாக அதை எடுக்கலாம்.

வலைத் தொழிலுக்கு நான் ஃபோம் வகையைத்தான் சொல்வேன். யாரும் எதுவும் செய்யாமலே அது மிதக்கும். கிழிந்தாலும் மிதக்கும். அதன் பெரிய குறை, ஆட்கள் போடாமல் கழற்றி வைப்பதுதான். வலை இழுக்கும்போது கண்ணி பக்கிளில் மாட்டுகிறது என்பார்கள். அது பொய்யான புகார் இல்லை. அதற்கு என் வழி: வலை இழுக்கிறவர்களுக்கு முன்பக்கம் வார் தொங்காத, ஜிப் வைத்த 50 நியூட்டன் மெல்லிய வகை, போகவர, இருட்டின பிறகு, முகத்துவாரம் தாண்டும்போது 100 நியூட்டன். இரண்டுக்கும் காசு இல்லையென்றால், 100 ஒன்று வாங்கி வாரை உள்பக்கமாக மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு அடியில் கிடக்கிற 150-ஐவிட உடம்பில் இருக்கிற 50 எத்தனையோ மேல்.

ஏற்கெனவே ஜாக்கெட் வைத்திருக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஃபோமை இரண்டு விரலால் அழுத்தி விடுங்கள். உடனே எழும்பினால் சரி. பள்ளம் அப்படியே நின்றால் அது செத்துப்போன ஃபோம். தலையணையாகவும் உட்காரும் மெத்தையாகவும் வைத்தே நம்மில் பலர் ஜாக்கெட்டைக் கொல்கிறோம். வாரை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். வெயிலில் வெளுத்த தையல் அங்கேயே பிரியும். கடைசியாக, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் போட்டுக்கொண்டு காலைத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறுகிறதா? தொடைக்கு இடையில் வருகிற பட்டி இல்லாததுதான் காரணம். ஒரு நாடா வாங்கித் தைத்துவிடலாம்.

இரண்டாவது, நின்ற எஞ்சினுக்கு மாற்று. இதில்தான் ஆட்கள் அதிகம் செலவு செய்கிறார்கள் அல்லது ஒன்றுமே செய்வதில்லை.

அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், இன்னொரு சின்ன அவுட்போர்டு எஞ்சினைத் தொங்கவிடுவது பார்க்கத் தைரியமாக இருக்கும். ஆனால் எஞ்சின் நிற்பதற்குக் காரணம் பல நேரம் எண்ணெயில்தான், அதாவது பெட்ரோலில்தான், இருக்கிறது. அழுக்கும் தண்ணீரும் கலந்த அதே கேனிலிருந்து குடித்தால் இரண்டாவது எஞ்சினும் அதே இடத்தில் நிற்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் தொங்குகிற எஞ்சினில் கார்புரேட்டர் பிசுபிசுத்துப் போயிருக்கும். தேவைப்படும் நாளில் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். ஒவ்வொரு வாரமும் அதைக் கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பேன், அதற்குத் தனிக் கேன் வைப்பேன் என்கிறவர்களுக்கு மட்டும் அது சரி.

துடுப்பும் பாயும் விலை குறைவு. துடுப்பு கட்டாயம் வேண்டும். பாறையில் ஏறாமல் தள்ளி நிற்க, கடைசி நூறு மீட்டரைக் கடக்க அது போதும். ஆனால் சாமான் ஏற்றிய 28 அடி ஃபைபரைக் கச்சானுக்கு எதிராக ஏழு மைல் வலித்துக் கரை சேர்ப்பது நடக்காத காரியம். பாயும் அப்படித்தான். பழைய வள்ளங்களில் பாய் கட்டி எதிர்க்காற்றில் குறுக்கும் மறுக்குமாக ஏறி வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வள்ளத்தின் அடிப்பாகம் வேறு, அந்தக் கையும் வேறு.

மூன்றாவது வழி ஜோடி போட்டுப் போவது. இரண்டு படகு, பேசி வைத்த இடம், பேசி வைத்த நேரம், இழுத்துப்போக ஒரு நல்ல கயிறு. காசு செலவே இல்லை. எனக்கு இதுதான் முதல் தேர்வு. மீன் இருக்கும் இடம் மற்றவனுக்குத் தெரிந்துவிடுமே என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. இப்போது இல்லை.

இதோடு சேர்த்து நங்கூரக் கயிறு. ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது நீளம் வேண்டும், காற்று அடித்தால் ஏழு. நங்கூரத்துக்கு மேலே ஓர் ஆள் உயரச் சங்கிலி இருந்தால், இழுவை மேல்நோக்கி இல்லாமல் படுக்கையாக விழும்; நகம் தரையில் நன்றாகக் கொத்தும். நங்கூரம் எட்டாத ஆழம் என்றால் வலையையோ, ஒரு தார்ப்பாய்ப் பையையோ அணியத்தில் கட்டித் தண்ணீரில் விடுங்கள். படகு காற்றை நேராக முகத்தில் வாங்கும், பக்கவாட்டில் அலை ஏறாது, மிதந்து போகிற வேகமும் குறையும். எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

மூன்றாவதாக, ஆளைக் கூப்பிடுகிற சாமான். மருமகன் முதலில் கேட்டது இதைத்தான்.

செல்போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை கிடைக்கும், சில இடத்தில் அதுவும் இல்லை. நனைந்த விரலுக்குத் திரை கேட்காது. முயற்சி செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் 1554 (கடலோரக் காவல்படை), 1093 (கடலோரப் பாதுகாப்புக் குழுமம்) இரண்டையும் ஒரே அழுத்தில் போகிற மாதிரி பதிந்து, போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள்.

விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் பெருமை, நீங்கள் பேசுவது சுற்றியிருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் என்பதுதான். ஆபத்துக்கு 16-ஆம் சேனல். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வரும். ஆனால் கையில் பிடிக்கிற 5 வாட் செட் நேர்பார்வைத் தூரம்தான் எட்டும். தாழ்வாக உட்கார்ந்திருக்கும் சின்னப் படகிலிருந்து இன்னொரு சின்னப் படகுக்கு ஐந்து கடல் மைல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆன்டெனாவை உயர்த்திக் கட்டிய 25 வாட் செட் இன்னும் தள்ளிப் போகும். அதற்கு பேட்டரி வேண்டும். படகில் தண்ணீர் ஏறினால் முதலில் போவது அந்த பேட்டரிதான். உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பேசவும் பழக வேண்டும்: ஆபத்து என்று அறிவிக்கிற "மேடே" என்ற சொல் மூன்று முறை, படகுப் பெயர், எண், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். பதற்றத்தில் இடத்தைச் சொல்லாமலே கத்துகிறவர்கள் அதிகம்.

இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவியை நம் பக்கம் டாட் என்கிறார்கள். 2010-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையிலுள்ள கடலோரக் காவல்படை மீட்பு மையத்துக்குப் போய்விடும். டவர் வேண்டாம், பேச வேண்டாம், இடம் சொல்லவும் வேண்டாம். பழைய வகையில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் சேர்ந்துவிட்டது என்று பதில் வரும். அழுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தைரியம்! உதவி வரும்வரை படகை விட்டுக் குதிக்காமல் காத்திருக்க அது ஒன்றே போதும்.

என் கேள்வியை வைத்துப் பார்த்தால் டாட்தான் முதலில் நிற்கிறது. நனைந்த கை, இருட்டு, பயம் எல்லாவற்றிலும் ஒரு பொத்தானை அழுத்த முடியும். ஆனால் அது பக்கத்தில் இரண்டு மைலில் இருக்கிற படகுக்குச் சொல்லாது, வயர்லெஸ் சொல்லும். அதனால் நான் இப்படிப் பிரிக்கிறேன்: தனியாகப் போகிறவர், டவர் தாண்டிப் போகிறவர் டாட் வாங்கட்டும். எப்போதும் கூட்டமாக, ஜோடியாக, கரையோரமே தொழில் செய்கிறவர் வயர்லெஸ் வாங்கட்டும். அடுத்த வருஷம் மற்றதை. மானியத்தில் என்ன கிடைக்கிறது என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். சொந்தக் காசில் வாங்கிய பிறகு கேட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு.

கூப்பிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்குச் செய்தி வந்து சேர வேண்டுமே? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் அடித்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களிடம் சொல்ல வழியே இல்லாமல் போனது. திரும்பி வராதவர்களின் வீடுகள் அந்தக் கரை முழுக்க இருக்கின்றன. இப்போது செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். எச்சரிக்கை கடலிலேயே வந்துவிடும். பல நாள் தங்குகிற படகுக்கு அது கட்டாயம் வேண்டும். காலையில் போய் மதியம் திரும்புகிற நமக்கு, கிளம்பும் முன் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தருகிற அலை, காற்று முன்கணிப்பையும் பார்த்தால் போதும். பார்ப்பது என்றால் அன்றைக்குக் காலையில் பார்ப்பது. முந்தின நாள் பார்த்தது கணக்கில்லை.

டார்ச்சா, தீப்பந்தமா என்று கேட்டால் இரண்டும். தீப்பந்தம் என்று நான் சொல்வது கையில் பிடிக்கிற சிவப்பு ஃப்ளேரை. அது ஒரு நிமிஷம்தான் எரியும்; தேடி வருகிற படகின் சத்தமோ வெளிச்சமோ தெரிந்த பிறகு கொளுத்துங்கள். தண்ணீர் இறைக்க வாளியா, மின்சார பம்பா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வாளிதான். பம்பு இருந்தாலும் வாளி, கயிறு கட்டியபடி.

எரிபொருள் பற்றி ஒரு தனிக் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. 9.9 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் குடிக்கும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் 12 லிட்டர், கையிருப்போடு 18. கச்சான் நாளில் போகும்போது காற்று தள்ளிவிடும், எண்ணெய் மிச்சமாகிற மாதிரி தெரியும். திரும்பும்போது அதே காற்று எதிரில் நிற்கும். ஆகவே போனதை வைத்து வருவதைக் கணக்குப் போடாதீர்கள். அந்த 18 லிட்டரையும் ஒரே பெரிய கேனில் எடுப்பதா, மூன்று சின்னக் கேனில் எடுப்பதா? எங்களுக்கு நடந்ததைப் படித்தவர்களுக்கு என் பதில் தெரியும். மூன்று கேன், ஒவ்வொன்றும் நன்றாக இறுகுகிற மூடியோடு. ஊற்றுவதைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். பீடி பற்றவைக்க ஆள் இருக்கிற இடத்தில் அது வேண்டாம்.

கிளம்புகிற நாளில் படகைக் கட்டியபடியே எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள். பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் ஒரே கோடாகப் பீய்ச்சுகிறதா பாருங்கள். சொட்டினால் குளிர்விக்கிற வழியில் மண்ணோ உப்போ அடைத்திருக்கலாம், ஒரு கம்பியால் குத்தி எடுத்துப் பாருங்கள். எண்ணெய்க் குழாயின் நடுவிலுள்ள ரப்பர் உருண்டையை அழுத்தினால் கெட்டியாக வேண்டும். தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஸ்பார்க் பிளக் இரண்டு, புரொப்பல்லர் பின் இரண்டு, பிளக் ஸ்பேனர், இடுக்கி இவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடி டேப் ஒட்டுங்கள். எஞ்சினை அணைக்கிற சிவப்புக் கயிற்றை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்ட வேண்டும். ஆள் விழுந்தால் எஞ்சின் உடனே நிற்கும். இல்லையென்றால் படகு தானாகச் சுற்றி வரும், விழுந்தவர் மேலேயே.

மருமகன் கடைசியில் வாங்கியது இவ்வளவு: மூன்று ஃபோம் ஜாக்கெட், எண்பது பாகம் கயிறு, சங்கிலி, மூன்று கேன், ஒரு டாட்டுக்கு மனு. சின்ன எஞ்சின் வாங்கவில்லை. எதிர்வீட்டுப் பையனோடு ஜோடி பேசிக்கொண்டான்.

கரைக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். லொகேஷன் அனுப்பினால் போதும் என்றான். டவர் போனால் அதுவும் போகும், கடைசியாக அனுப்பிய புள்ளி மட்டும்தான் நிற்கும். அதனால் அவன் அம்மா அடுப்படிக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் எழுதுகிறாள். நேற்றைய தாளில் இப்படி இருந்தது: "தீவுக்குத் தெற்கே, பத்துப் பாகம். மூன்று பேர். இரண்டு மணிக்கு வருவான். மூன்றுக்கு எதிர்வீட்டில் கேட்க. நாலுக்கு 1093." ஓரத்தில் வேறு மையில், "வந்துட்டான், 1.40."